ஆட்டுப்பால் சோப்பு எரிந்தால் ஆட்டைக் குத்தம் சொல்லாதீங்க

போன மாசம் வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு அக்கா மஞ்சப்பை நிறைய சோப்புக் கட்டியோடு வந்தார். வீட்டு வெள்ளாட்டுப் பால், காங்கேயத்தில் ஆட்டின தேங்காய் எண்ணெய், எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் கத்தி வைத்தால் சாக்பீஸ் மாதிரி உதிர்கிறது, கை கழுவினால் எரிகிறது. "பால்தானுங்க கெட்டுப்போயிருக்கும், ஆடு என்னத்தை மேஞ்சுதோ" என்றார். சோப்பு சொல்லிக்கொடுக்கிற எனக்கு இது பழகிப்போன பேச்சு. எது தப்பினாலும் பழி ஆட்டுக்குத்தான்.

எண்ணெய் எப்படி அளந்தீங்க என்று கேட்டேன். "ஒரு லிட்டருங்க. லிட்டர்னா கிலோதானுங்களே?"

அங்கேதான் வினை. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுசாகச் சோப்பாக மாற 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், அதில் 5 சதவீதம் குறைத்து 174 கிராம் என்று எங்கேயோ வீடியோவில் பார்த்த கணக்கை எழுதிவைத்து, அதைக் கிராம் தராசில் சரியாக நிறுத்தும் போட்டிருக்கிறார். அவர் ஊற்றின எண்ணெய்க்கோ 168 கிராமே போதும். மிஞ்சின 6 கிராம் சேர எண்ணெய் இல்லாமல் சோப்புக்குள்ளேயே கிடந்து தோலைக் கடிக்கிறது. அறுத்த முகத்தில் ஒரு சொட்டு பினாப்தலீன் (காரத்தன்மை இருந்தால் ரோஸ் நிறமாகிற சோதனைத் திரவம்) விட்டேன். நல்ல சோப்பிலும் மங்கலாக ரோஸ் தட்டும், இது பீட்ரூட் சாறு ஊற்றினது மாதிரி ஆகிவிட்டது. தனித் தேங்காய் எண்ணெய் தோலை வறட்டும் என்பதால் நானாக இருந்தால் காஸ்டிக்கை 20 சதவீதம் வரை குறைத்திருப்பேன், அப்போது இந்த லிட்டர் தப்பு தெரிந்தே இருக்காது!

நல்லவேளை, தூக்கிப்போட வேண்டியதில்லை. துருவி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கி, விட்டுப்போன 80 கிராம் எண்ணெயைச் சேர்த்துக் கிளறி மறுபடி அச்சில் அழுத்தினோம். பார்க்க உப்புமா மாதிரிதான் இருந்தது.

சரி, பாலால் வருகிற கோளாறே இல்லையா? இருக்கிறது. பாலில் உள்ள சர்க்கரை காஸ்டிக் சூட்டில் கருகும், அதனால்தான் கலவை ஆரஞ்சாகி அமோனியா வாடை அடிக்கிறது. வாடை சில நாளில் போய்விடும், நிறம் போகாது. பாலை ஐஸ் ட்ரேயில் உறையவைத்து, பாதி இளகினதும் எவர்சில்வர் போசியில் போட்டு, அந்தப் போசியை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டு, காஸ்டிக்கைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிக் கலக்குங்கள். எண்ணெயில் ஊற்றும்போது வடிகட்டியே ஊற்றுங்கள், கரையாத ஒரு துகள் உள்ளே மாட்டினாலும் அந்த இடம் எரியும். சித்திரை வெயிலில் அச்சைத் துணி போட்டு மூடாதீர்கள், நடுவில் மட்டும் சூடேறிக் கருவட்டம் விழும், சிலசமயம் பொங்கி வழியும். மொச்சை வாடை வந்தால் மட்டும் ஆட்டுப்பட்டியைப் போய்ப் பாருங்கள், கறக்கிற ஆட்டோடு கிடாயைக் கட்டியிருப்பார்கள்.

மேலே வெள்ளையாகப் பொடி பூத்தால் பயம் வேண்டாம், காற்றுப்பட்டுச் சோடா பூத்தது, துடைத்தால் போகும். ஆரஞ்சுப் புள்ளி வேறு கதை. எண்ணெய் சிக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம், பழைய எண்ணெயோ துருப்பிடித்த அலமாரியோ காரணமாக இருக்கும்.

நுரையே வரவில்லை என்று வருகிறவர்களிடம் எந்தத் தண்ணியில் குளிக்கிறீங்க என்றுதான் முதலில் கேட்பேன். போர்வெல் உப்புத்தண்ணியில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகிவிடும். அதே கட்டியைக் கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணி வருகிற ஒறம்பரை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

காஸ்டிக்கில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். காஸ்டிக் மேல் பாலையோ தண்ணீரையோ ஊற்றாதீர்கள், அவற்றில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். மேலே பட்டால் வினிகரைத் தேடி ஓடாமல் குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிஷம் கழுவுங்கள், கண்ணில் பட்டால் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. எரிகிற சோப்பை "ஆட்டுப்பால்தானே, சாஃப்ட்டா இருக்கும்" என்று கைக்குழந்தைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த அக்கா இந்த வாரம் போன் செய்தார். இப்போது எல்லாவற்றையும் தராசில்தான் வைக்கிறாராம். "ஒரு லிட்டர் பால் 1030 கிராம் காட்டுதுங்க, தராசு ரிப்பேருங்களா?" என்று கேட்கிறார். தராசு சரியாகத்தான் இருக்கிறது.