எட்டு வீச்சில் ஒரு தாயம்

கும்பகோணத்தில் படிக்கும் அக்கா மகன் போன கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். "மாமா, கேம் பண்ணக் கத்துக்கணும். எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டான். நான் பரணில் கிடந்த பித்தளைத் தாயக்கட்டை இரண்டையும் எடுத்துத் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். கணினியை அப்புறம் திறக்கலாம் என்றேன்.

அவனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு விளையாட்டின் உயிர் அதன் விதிகளில் இருக்கிறது. விதியைத் தொட்டால் என்ன ஆகிறது என்று பார்க்க, திண்ணையும் நாலு பேரும் போதும்.

தாயக்கட்டையின் நாலு பக்கங்களிலும் 0, 1, 2, 3 என்று புள்ளிகள். இரண்டு கட்டைகளைச் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். கூட்டுத்தொகை 1 வர இரண்டே வழி: முதல் கட்டையில் 1, மற்றதில் வெறுமை, அல்லது அதன் மறுதலை. ஆக, தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால், எட்டு முறை உருட்டியும் தாயமே விழாமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வருகிறது. காயை இறக்க முடியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் இதுதான் விளக்கம்.

எங்கள் பக்கத்து ஆட்டத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் அது 12. 16 வழிகளையும் கூட்டிப் பார்த்தால் ஒரு வீச்சின் சராசரி 3.75 கட்டம். மறு உருட்டலுக்கு வழிவிடும் வீச்சுகள் 16-ல் 6. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒருவர் தன் முறையில் சராசரியாக நகர்வது சரியாக 6 கட்டம்! பேப்பரில் இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது.

சரி, இப்போது ஒரு விதியை மட்டும் மாற்றினோம். தாயத்துக்கு மட்டுமல்ல, 5 விழுந்தாலும் காயை இறக்கலாம். வாய்ப்பு நாலில் ஒன்றாகிவிட்டது. சராசரிக் காத்திருப்பு எட்டு வீச்சிலிருந்து நாலாகக் குறைந்தது. ஆட்டம் விறுவிறுவென்று ஓடியது. ஆனால் தாயம் விழும்போது திண்ணை முழுக்க எழும் அந்தக் கூச்சல் காணாமல் போயிற்று. காத்திருந்த ஏக்கம்தான் அந்தக் கூச்சல் என்பது அப்போதுதான் பையனுக்குப் புரிந்தது.

ராபின் ஹுனிக்கே, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் ஸுபெக் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மூவர் 2004-ல் இதைத்தான் மூன்று அடுக்காகப் பிரித்து எழுதினார்கள். அடியில் விதிகள். விதிகள் ஓடும்போது ஆட்டத்தில் எழும் போக்கு அடுத்த அடுக்கு. ஆடுபவரின் மனத்தில் எழும் உணர்வு மேலடுக்கு. வடிவமைப்பவரின் கை எட்டுவது அடி அடுக்கை மட்டும். ஆடுபவரோ மேலிருந்துதான் உள்ளே வருகிறார். சிலிர்ப்பை நேராகப் படைக்க முடியாது. அது வரும்படி விதியை வைக்கத்தான் முடியும்.

ஆடு புலி ஆட்டம் இதற்கு இன்னொரு நல்ல பாடம். 23 சந்திப்புகள், 3 புலி, 15 ஆடு. இங்கே கட்டை உருட்டுவதில்லை, அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. புலி தாண்டிக் குதித்து வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலியை அடைக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பலம் வேறு, குறிக்கோள் வேறு, ஆனாலும் ஆட்டம் சமமாக நிற்கிறது. நாலு புலி வைத்து ஆடிப் பார்த்தோம், ஆடுகள் சீக்கிரமே தீர்ந்தன. இரண்டு புலியோடு ஆடியபோது புலிகள் அடைபட்டன. 3 என்ற அந்த எண், யாரோ பல காலம் ஆடித் தேய்த்துக் கண்டுபிடித்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் சொந்தமாக ஒன்று செய்தோம். பழைய காலண்டர் அட்டையில் ஒரு வாய்க்கால் வரைந்து, அதன் மேல் பூதலூர், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு என்று நாலு வயல். புளியங்கொட்டைதான் தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும் மேட்டூரிலிருந்து 12 கொட்டை வரும்; தலைமடைக்காரர் முதலில் வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விடுவார். பயிர் பிழைக்க ஒரு சுற்றுக்கு 3 கொட்டை வேண்டும்.

மூன்றாவது சுற்றிலேயே தலைஞாயிறு காய்ந்துவிட்டது. அந்த வயலை வைத்திருந்த பெரியம்மா, மீதி ஆட்டம் முழுக்கச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார். புதிதாக விளையாட்டு செய்பவர்கள் எல்லோரும் விழும் பள்ளம் இது: முன்னே இருப்பவர் மேலும் முன்னே போகிறார், பின்னே இருப்பவருக்கு எந்தத் தீர்மானமும் மிஞ்சுவதில்லை. கடைமடைக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் கொட்டை கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தோம். பெரியம்மா தோற்பது தாமதமாயிற்று, அவ்வளவுதான்.

விடை டெல்டாவிலேயே இருந்தது. தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்து விடுவார்களே, அதையே விதியாக்கினோம். யார் முதலில் எடுப்பது என்பது சுற்றுக்குச் சுற்று மாறும். உடனே பேரம் தொடங்கியது. "இந்தத் தடவை எனக்கு ரெண்டு விடு, அடுத்த முறை நான் விடறேன்" என்று பெரியம்மா கேட்டார். பேரம் பேசலாம் என்று எந்த விதியிலும் நாங்கள் எழுதவில்லை. விதியிலிருந்து அது தானாக முளைத்தது.

ஆடிப் பார்க்கும்போது செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. விளக்கம் சொன்னால் எந்த விதி குழப்புகிறது என்று தெரியாமலே போய்விடும். கை எங்கே தயங்குகிறது, யார் எப்போது கொட்டாவி விடுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. கணினியில் விளையாட்டு செய்ய உதவும் ஸ்கிராட்ச், கோடோ போன்ற இலவசக் கருவிகளுக்கு அட்டையில் ஆட்டம் நின்ற பிறகு போகலாம்.

பையன் இப்போது ஐப்பசி மழையைச் சேர்க்கிறான். ஒரு வயலில் 6 கொட்டைக்கு மேல் தேங்கினால் சம்பா அழுகும். வடிய விட்டால் அது கீழ் வயலுக்குத்தான் போகும். பெரியம்மா தலைஞாயிற்றை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்.