மீனுக்கும் மச்சம் வரும்

நம் முன்னோரும் வரிக்குதிரை மீனின் முன்னோரும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் நிறமிச் செல்லில் தோன்றும் தோல் புற்றான மெலனோமா மனிதர்களுக்கு வரும்போது ஏறத்தாழ பாதியில் காணப்படும் பிராஃப் மரபணுப் பிறழ்வை இந்த மீனின் நிறமிச் செல்லில் வைத்தால், அங்கும் அது தன் வேலையைக் காட்டுகிறது.

‘பெருகு’ என்ற உத்தரவைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களில் பிராஃபும் ஒன்று. ராஸ் புரதம் தூண்டினால்தான் அது இயங்கும். அதன் 600ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வந்துவிட்டால், அந்த அமிலத்தின் எதிர்மின்னூட்டம் புரதத்தை இயங்கும் வடிவிலேயே நிறுத்திவிடும். ராஸ் சும்மா இருந்தாலும் உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். அதை வாங்கிக் கடத்தும் மெக், எர்க் புரதங்கள் மீனிலும் உள்ளன. மனித பிராஃப் அவற்றோடு ஒத்துப்போகிறது.

சோதனையில் பிறழ்ந்த மனித மரபணுவை, நிறமிச் செல்லில் மட்டும் மரபணுவை இயக்கிவைக்கும் மிட்ஃப்-ஏ தொடக்கிப் பகுதியுடன் இணைக்கிறார்கள். பிறகு ஏறத்தாழ 1 நானோலிட்டர் கரைசலை ஒற்றைச் செல் நிலையிலுள்ள கருவுக்குள் ஊசியால் செலுத்துகிறார்கள். 28.5 டிகிரி செல்சியஸில் முதல் பிளவு முக்கால் மணி நேரத்தில் நடந்துவிடும். அதற்குப் பின் செலுத்தினால் சில செல்களுக்கே மரபணு போய்ச்சேரும். மீன் திட்டுத்திட்டாக ஒட்டுக்கலவையாகிவிடும்.

2005இல் வெளியான முடிவு சுவையானது. பிறழ்ந்த பிராஃப் தனியாக இருந்த மீன்களில் மச்சம்தான் வந்தது. கட்டிகளைத் தடுக்கும் பி53 மரபணுவும் செயலிழந்த மீன்களில் அது மெலனோமாவாக மாறியது. மனித மச்சங்கள் பலவற்றிலும் இதே பிராஃப் பிறழ்வு உண்டு. அவை பெரும்பாலும் ஒரு கட்டத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன.

ஆனால் கட்டி எங்கே வரும் என்பதில் மீனும் மனிதனும் ஒன்றல்ல. பி53 இல்லாத மீன்களில் கால்வாசிக்குச் சற்று அதிகமானவற்றுக்கு, எட்டரை மாதத்திலிருந்து நரம்புறைக் கட்டிகள் வந்தன. பி53 குறையோடு பிறக்கும் மனிதர்களிடமோ மார்பகம், எலும்பு, மூளை எனப் பட்டியல் வேறு. மரபணுவின் வேலை மாறவில்லை, அது எந்தத் திசுவில் முதலில் கைவிடுகிறது என்பது மாறியிருக்கிறது.

இன்னொரு சிக்கல் நகல்கள். எலும்பு மீன்களின் பெரும்பிரிவான டெலியோஸ்ட்களின் முன்னோரில் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்தது. பல நகல்கள் பின்னர் தொலைந்தன, சில தங்கின. கட்டிகளைத் தடுக்கும் இன்னொரு மரபணுவான பிடென் நமக்கு ஒன்றுதான். வரிக்குதிரை மீனுக்கு பிடென்-ஏ, பிடென்-பி என இரண்டு. ஒன்றை அழித்தால் மற்றது ஈடுகட்ட, மீன் வளர்ந்துவிடும். இரண்டையும் அழித்தால் லார்வா நிலையிலேயே சாகும். ஒரு நகலை மட்டும் அழித்துவிட்டு ‘இந்த மரபணு முக்கியமில்லை’ என்று எழுதுவதுதான் இங்கே எளிதில் நேரும் தவறு.

சில மரபணுக்கள் மீனில் இல்லவே இல்லை. 2013இல் வெளியான, இந்த மீனின் முழு மரபணு வரிசையில் மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இணை கிடைத்தது; பழுதானால் மார்பக, சூலகப் புற்று அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1-க்குக் கிடைக்கவில்லை, அதன் கூட்டாளி பார்ட்1 மட்டும் இருக்கிறது. அதே அபாயத்தோடு தொடர்புள்ள பிஆர்சிஏ2 உண்டு. ஆனால் அதை அழித்தால் கருமுட்டைச் செல்களை பி53 கொன்றுவிட, மீன்கள் எல்லாமே ஆணாக வளர்கின்றன. சூலகக் கட்டியைப் பார்க்க வேண்டுமானால் முதலில் பெண் மீன் வேண்டும். அதற்காகவே பி53-ஐயும் சேர்த்து முடக்க வேண்டியிருக்கிறது.