அதிகாலை 3.30க்கு றவுட்டருக்குக் கறண்ட் இருக்கிறதா?

மாரி தொடங்கினால், படுக்கப் போகுமுன் றவுட்டரின் பிளக்கைக் கழற்றிவைப்பது வன்னியில் பல வீடுகளின் வழக்கம். இடி மின்னலுக்கு அது நல்ல காவல். ஆனால் தன்னைத்தானே இற்றைப்படுத்தும் றவுட்டர்களுக்கு வேலை நேரமே அந்த இரவுதான்.

செக் நாட்டின் டுரிஸ் றவுட்டர்கள் திறந்த மூல மென்பொருளில் ஓடுபவை. புதிய பொதிகளை, அதாவது மென்பொருளின் தனித்தனிப் பகுதிகளை, இறக்கித் தாமே நிறுவிக்கொள்ளும். மென்பொருளின் மையமான கேர்னல் போன்றவை மாறினால் மீளத் தொடங்கவேண்டும். அதற்கு இயல்பாகக் குறித்திருக்கும் நேரம் அதிகாலை 3.30. இரவில் கழற்றி காலையில் பூட்டுவோருக்கு அந்தப் பூட்டுதலே மீளத்தொடக்கம் ஆகிவிடும், சிக்கலில்லை.

டுரிஸுக்கும் அடிப்படையான, வேறு பல றவுட்டர்களிலும் நிறுவக்கூடிய ஓபன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருளின் கதை வேறு. அது தானாக இற்றைப்படுத்தாது. அதனால் சிலர், குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் குரோன் அட்டவணையில், "எல்லாப் பொதிகளையும் இரவு 2 மணிக்குப் புதுப்பி" என்று ஒரு வரி எழுதிவிடுகிறார்கள். முதலில், அந்த நேரம் கறண்ட் இல்லாவிட்டால் குரோன் விட்ட வேலையைப் பிறகு செய்யாது. அதைவிடப் பெரிய பிழை, அந்த வரி ஓடினாலும் கெடுதிதான்.

காரணம், றவுட்டரின் மென்பொருள் இருக்கும் பிளாஷ் நினைவகத்தின் கட்டமைப்பு. அடித்தளம் இறுக்கிச் சுருக்கப்பட்டது; வாசிக்கலாம், மாற்ற முடியாது. மாற்றங்களெல்லாம் அதற்கு மேலுள்ள மெல்லிய அடுக்கில் எழுதப்படும். வரவு இடாப்பில் அச்சிட்ட பெயருக்கு மேல் துண்டுக் கடதாசி ஒட்டுவது போல: பழைய பெயர் அழியாது, இடாப்புத்தான் தடிக்கும். 16 எம்பி பிளாஷில் அந்த மேலடுக்கு சில எம்பிதான். அது நிரம்பினால் அமைப்புகளைக்கூடச் சேமிக்க முடியாது. அத்தோடு, கேர்னல் பழையதாக இருக்க வைஃபையை இயக்கும் மென்பொருள் (இயக்கி) மட்டும் புதிதானால் இரண்டும் பொருந்தாமல் வைஃபை எழும்பாது.

ஆகவே முழுப் படிமத்தையும், அதாவது மொத்த மென்பொருளும் அடங்கிய ஒரே கோப்பை, ஒரேயடியாக மாற்றுவதே சரி. றவுட்டரை அமைக்கும் லூசி என்ற இணையப் பக்கத்தில் முதலில் அமைப்புகளைக் காப்பெடுத்துக் கணினியில் வையுங்கள். உங்கள் றவுட்டர் மாதிரிக்குரிய சிஸ்அப்கிரேட் (இற்றைப்படுத்தும்) படிமத்தை இறக்கி, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பிறகு எழுதவிட்டு, றவுட்டர் மீண்டும் எழும்பும்வரை கை வைக்காதீர்கள். பெரும்பாலும் சில நிமிடம்தான், ஆனால் அதற்குள் கறண்ட் போனால் படிமம் பாதியில் நிற்கும். ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ மழைநாளில் அந்தச் சில நிமிடத்தை நம்பவே கூடாது. ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்குங்கள். பெட்டியில் 8800 எம்ஏஎச் என்றிருந்தால் அது 3.7 வோல்ட் கணக்கு: ஏறத்தாழ 32 வாட்-மணி. மாற்றும்போது 15 சதவீதம் இழந்தாலும், 8 வாட் இழுக்கும் றவுட்டர் மூன்று மணித்தியாலம் ஓடும்.

இன்னொன்று கடிகாரம். மலிவான றவுட்டர்களில் கடிகார பற்றரி இல்லை. கறண்ட் வந்ததும் பழைய நேரத்தோடு எழும்பி, இணையத்தில் சரியான நேரம் கேட்டறியும்வரை சேவையகத்தின் சான்றிதழைத் தவறென்று தள்ளிவிடக்கூடும். 4ஜி சிக்னல் மெதுவாக ஏறும் இடங்களில் இற்றைப்படுத்தல் காரணமின்றித் தோற்பதுபோலத் தெரிவது இதனாலும் இருக்கலாம். பூட்டிய பத்து நிமிடத்துக்குப் பிறகு முயலுங்கள்.

திறந்த மூலம் என்பதற்காகக் கண்மூடி நம்பவும் முடியாது. ஓபிகேஜி என்ற பொதி மேலாளர் சரிபார்ப்பு எண்ணைப் பிழையாக வாசித்து, சோதனையையே தவிர்த்துவந்தது, 2020இல் 18.06.7, 19.07.1 பதிப்புகளில் அது திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில், உங்களுக்கென்று படிமம் கட்டித்தரும் ஓபன்டபிள்யூஆர்டி சேவையகத்தில் 64 எழுத்து ஷா-256 எண் 12 எழுத்தாக வெட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தச் சேவையகத்துக்கு உங்கள் றவுட்டரின் மாதிரியும் நிறுவிய பொதிகளின் பட்டியலும் போகும். வீபிஎன் பொதி இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று நினைப்பவர் படிமத்தைத் தன் கணினியிலேயே கட்டுவது நல்லது.

டுரிஸில் ஒப்புதல் கேட்டோ, தாமதித்தோ நிறுவும்படி அமைக்கலாம். இரண்டு நாள் தாமதம் போதும் என்பது எங்கள் எண்ணம்: பிழையான வெளியீட்டை அதற்குள் மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், பாதுகாப்பு ஓட்டையும் அதிகநாள் திறந்திருக்காது. அதன்பிறகும் கெட்டுப்போனால், டுரிஸ் ஓம்னியாவில் ரீசெற் பொத்தானை இரண்டு விளக்குகள் எரியும்வரை அழுத்தி விடுங்கள். கடைசியாகச் சேமித்துவைத்த நிலைக்குத் திரும்பும். ஓபன்டபிள்யூஆர்டியில், தொடங்கும்போது விளக்கு வேகமாகச் சிமிட்டுகையில் பொத்தானை அழுத்தி, கணினிக்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்து, லான் கேபிள் வழியாக 192.168.1.1க்கு எஸ்எஸ்எச்சில் (கட்டளைகளை எழுதி றவுட்டரை இயக்கும் வழி) நுழையுங்கள்.