பார்வை மங்கினால் அரசிடம் என்ன கேட்கலாம்? காரண நோய்களும் அவற்றுக்கான திட்ட உரிமைகளும்

பார்வை மங்குகிறது என்று அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு வரும் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி கிடைக்குமா, அறுவைச் சிகிச்சை கிடைக்குமா, சொட்டு மருந்தோடு தொடர் கண்காணிப்பு கிடைக்குமா, அல்லது மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது அவருடைய கண்ணில் உள்ள நோய்தான். ஆகவே எந்தத் திட்டத்தில் என்ன கேட்கலாம் என்று விசாரிப்பதற்கு முன்பாக, பார்வை எதனால் குறைந்தது என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியாவில் இந்தச் சேவைகளுக்கு அடித்தளமாக இருப்பது 1976-இல் மத்திய அரசின் முழு நிதியுதவியோடு தொடங்கப்பட்ட தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம். தமிழ்நாட்டில் மாநிலப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கமும் அதன்கீழ் இயங்கும் மாவட்ட அமைப்புகளும், அரசு மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் கண் மருத்துவ உதவியாளர்கள், பதிவு பெற்ற தொண்டு மருத்துவமனைகள் ஆகியோர் மூலம் இதைச் செயல்படுத்துகின்றன. 6 மீட்டர் தொலைவிலிருந்து விரல்களை எண்ண முடியாதவரைப் பார்வையற்றவர் என்று இத்திட்டம் நீண்ட காலம் கணக்கிட்டு வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலோடு ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக 2017-இல் அந்தத் தொலைவு 3 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு பார்வையற்றோர் விகிதம் 0.36 சதவீதம் என்று சொல்வதைப் பழைய எண்களோடு ஒப்பிட்டு மகிழ்பவர்கள் இந்த மாற்றத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அதே கணக்கெடுப்பின்படி, 50 வயதுக்கு மேற்பட்டோரின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் கண்புரை. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸின் புரதங்கள் வயதாக ஆகத் திரண்டு, ஒளி ஊடுருவாதபடி லென்ஸ் வெளுத்துப்போவதே கண்புரை. நீரிழிவு, புகைபிடித்தல், கண்ணில் பட்ட அடி, கடும் வெயிலின் புறஊதாக் கதிர், ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் நீண்ட காலம் எடுத்துக்கொண்ட ஸ்டீராய்டு மருந்து ஆகியவை இதை முன்கூட்டியே வரவழைக்கும். “கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது” என்று கிராமங்களில் சொல்லப்படுவது பல நேரங்களில் கண்புரை அல்ல. வெள்ளை விழியிலிருந்து கருவிழியின் மேல் படரும் வேறொரு திசு வளர்ச்சி அது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

கண்புரைக்குச் சொட்டு மருந்தோ மாத்திரையோ கிடையாது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸைப் பொருத்துவதே வழி. அறுவைச் சிகிச்சை, லென்ஸ், பிறகு போட வேண்டிய சொட்டு மருந்து ஆகியவை அரசு மருத்துவமனையில் இலவசம். திட்டத்தில் இணைந்த தொண்டு மருத்துவமனை முகாம் வழியாக அழைத்துச் சென்று இலவசமாகச் செய்தால், ஒவ்வோர் அறுவைக்கும் அரசு மானியம் வழங்குகிறது. முகாம் என்பது பரிசோதனைக்கு மட்டுமே. பள்ளிக்கூடத்திலோ திருமண மண்டபத்திலோ மேசை போட்டு அறுவை செய்யும் பழைய வழக்கம் திட்ட விதிகளின்படி இப்போது அனுமதிக்கப்படுவதில்லை. நோயாளியை முறையான அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றே செய்ய வேண்டும். கிருமித் தொற்றால் ஒரே நாளில் பலருடைய கண்கள் பறிபோகும் விபத்தைத் தவிர்ப்பதற்கான விதி இது என்பதால், இதைப் பற்றி முகாமிலேயே கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

“புரை முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்ற அறிவுரை, லென்ஸை முழுதாக எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலத்துக்கு உரியது. இன்று அன்றாட வேலைக்கு இடையூறு வந்தவுடனே அறுவை செய்யலாம். அளவுக்கு மீறி முற்றிய புரை கண்ணழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பையே கெடுத்துவிடக்கூடும். அதன்பின் லென்ஸ் மாற்றியும் பயன் குறைவு. அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்குக் கண் வலி, சிவப்பு, பார்வை குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், மறு பரிசோதனைக்குக் குறித்துக் கொடுத்த தேதி வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் மங்கினால், புரை திரும்ப வந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. லென்ஸைத் தாங்கும் பின்புறச் சவ்வு மங்கியிருக்கலாம். அதைச் சில நிமிட லேசர் சிகிச்சையில் சரிசெய்துவிடலாம்.

கண்ணாடியால் தீரும் குறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிட்டப்பார்வை, தூரப்பார்வை, 40 வயதை ஒட்டி வரும் வெள்ளெழுத்து ஆகிய மூன்றுக்கும் தேசியத் திட்டத்தில் இடமுண்டு. பள்ளிக் குழந்தைகளுக்கும், வெள்ளெழுத்து உள்ள முதியோருக்கும் இலவசக் கண்ணாடி வழங்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கான கண் பரிசோதனை கண்ணொளி காப்போம் திட்டத்தின் பெயரில் நடக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, மூளை அந்தக் கண்ணின் காட்சியை ஒதுக்கப் பழகிவிடும்; சிறு வயதிலேயே திருத்தாவிட்டால் பின்னாளில் எந்தக் கண்ணாடியும் முழுப் பார்வையைத் தராது.

திரும்பக் கிடைக்காத பார்வையிழப்புக்குக் காரணமான நோய்களில்தான் திட்டத்தின் பயன் நோயாளி எப்போது வருகிறார் என்பதைப் பொறுத்து அமைகிறது. குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோயில், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வழி தடைப்பட்டு அழுத்தம் உயர, பார்வை நரம்பு மெல்ல அழிகிறது. பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு இயல்பான அழுத்தம் என்று கொள்ளப்பட்டாலும், அந்த வரம்புக்குள்ளேயே நரம்பு கெடுபவர்களும் உண்டு. எனவே அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதி அடைய முடியாது. பெரும்பாலோருக்கு வலி இருக்காது. முதலில் குறைவது பக்கவாட்டுப் பார்வை என்பதால், நேரே தொங்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைக்கூடத் தடையின்றிப் படிப்பார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் 40 வயதுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதிக்கச் சொல்வது இதனால்தான். கண் அரிப்புக்கு என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தாலும் இது வரும்.

நீரிழிவால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்தும் அடைபட்டும் வரும் பாதிப்பும் இதே போன்றது. தொடக்கத்தில் அறிகுறியே இருக்காது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்ட அன்றிலிருந்தே ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை தேவை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே பெறுகிறவர்கள், மாத்திரைதான் வருகிறதே என்று கண் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடக்கூடாது. விழித்திரை அறுவை போன்ற செலவு கூடிய சிகிச்சை தேவைப்பட்டால், ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நாடலாம். குறிப்பிட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுப் பிரிவில், சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுவடைக் காலத்தில் கருவிழிப் புண்ணோடு வருகிறவர்கள் அதிகம். கதிரடிக்கும்போது நெல் தாளோ உமியோ கண்ணில் கீறிய இடத்தில் பூஞ்சை பற்றிக்கொள்கிறது. முதல் நாள் உறுத்தலாகத்தான் இருக்கும். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ பச்சிலைச் சாறோ விட்டு நாலு நாள் பார்ப்பதற்குள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்துவிடும். இதில் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் பூஞ்சை இன்னும் பரவும். புண் ஆறினாலும் தழும்பு நிலைத்துவிட்டால் தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்துவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை. இறந்தவரின் கருவிழியை 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி அணிந்தவர், புரை அறுவை செய்துகொண்டவர், நீரிழிவு உள்ளவர் ஆகியோரும் தானம் செய்யலாம்.

பிறந்த குழந்தைக்கான உரிமைகள் தடுப்பிலிருந்து தொடங்குகின்றன. கர்ப்பத்தின்போது தாய்க்கு ருபெல்லா என்ற வைரஸ் தொற்றினால் குழந்தை கண்புரையோடு பிறக்கக்கூடும். அதற்கான தடுப்பூசி தட்டம்மை ஊசியோடு சேர்த்து இப்போது இலவசமாகப் போடப்படுகிறது. வைட்டமின் ஏ திரவம் 9-ஆம் மாதத்தில் 1 லட்சம் அலகும், அதன்பின் 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம் அலகுமாக, மொத்தம் 9 தவணை. குறைமாதத்தில், அதுவும் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கும் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது இந்தப் பரிசோதனை தேதி மருத்துவச் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது பெற்றோர் செய்ய வேண்டிய வேலை; அந்த ஒரு மாதம் தவறினால் பார்வையைக் காப்பாற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

சிகிச்சைக்குப் பிறகும் குறை எஞ்சினால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பொருந்தும். அதிகமான ஏமாற்றமும் வருத்தமும் எழுவது இங்கேதான். ஏனெனில் சட்டம் அளப்பது இரண்டு கண்களில் நல்ல கண்ணை, அதுவும் மருந்து, அறுவை, கண்ணாடி என இயன்ற எல்லாத் திருத்தமும் செய்த பிறகு. புரை அறுவை செய்துகொள்ளாமல் சான்று கேட்பவரை முதலில் அறுவைக்கு அனுப்புவது இந்த விதியின் விளைவே. அளவீட்டில் 6/60 என்றால், இயல்பான கண் 60 மீட்டரில் காண்பதை இவர் 6 மீட்டரில்தான் காண்கிறார் என்று பொருள். நல்ல கண்ணில் 3/60-க்கும் குறைந்தால் பார்வையின்மை; 6/18-க்குக் கீழ் 3/60 வரை குறைபார்வை. பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு தேவை. ஒரு கண் முழுவதும் போய் மறு கண் நன்றாக இருப்பவருக்கு மதிப்பீட்டு வழிகாட்டுதல்களின்படி கிடைப்பது 30 சதவீதம் மட்டுமே. வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டில் பார்வைக் குறைபாட்டினருக்கான 1 சதவீதத்தில் அவரால் போட்டியிட முடியாது. ஒற்றைக் கண்ணோடு தறியிலோ லாரியிலோ பிழைப்பு நடத்தியவர் இழப்பது 30 சதவீதம்தானா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இன்றைய விதி அதுதான்.

அதிகம் பேர் அறியாத இன்னொரு பகுதி, பார்வைப் பரப்பைப் பற்றியது; அதாவது நேரே பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் அகலம். நேர்பார்வை தெளிவாக இருந்தாலும் பார்வைப் பரப்பு 10 பாகைக்கும் (டிகிரிக்கும்) குறைந்துவிட்டால் சட்டப்படி அது பார்வையின்மை. 40 பாகைக்குக் குறைந்து 10 வரை என்றால் குறைபார்வை. முற்றிய குளுக்கோமா உள்ளவர்களும், மாலைக்கண்ணில் தொடங்கிப் பரப்பு சுருங்கிக்கொண்டே வரும் பரம்பரை விழித்திரை நோய் உள்ளவர்களும் இதன்கீழ் வருவார்கள். உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் அந்தப் பரம்பரை நோய்க்கான வாய்ப்பு கூடுதல். இவர்கள் எழுத்துப் பலகை அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மருத்துவக் குழு முன் சென்றால் குறைபாடு பதிவாகாமல் போகலாம். பெரிமெட்ரி எனப்படும் பார்வைப் பரப்புச் சோதனை அறிக்கையையும் கையில் கொண்டு செல்ல வேண்டும்.

சான்றுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் (UDID) இணையவழியிலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமோ ஆதாரையும் மருத்துவப் பதிவுகளையும் கொடுத்து விண்ணப்பிக்கலாம். நோய் மாறக்கூடியது என்று மருத்துவக் குழு கருதினால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தற்காலிகச் சான்று தரும். அதைக் காலாவதியாகும் முன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சான்று நாடு முழுவதும் செல்லும். குழு கொடுத்த சதவீதம் தவறு என்று தோன்றினால், அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முறையிடலாம். மறுப்போ சதவீதமோ எழுத்தில் இருந்தால்தான் அந்த மனு நிற்கும் என்பதால், வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடாமல் ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.