ஆகஸ்ட் தேதியும் ஜனவரித் தேர்வும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். டிசம்பர் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், மூன்று வாரத்துக்கு முன் மடமடவென்று போட்ட மடக்கைக் கணக்கைப் பார்த்து மாணவர்கள் விழிப்பார்கள். ஒரு வாரம் பழைய பாடத்தையே மறுபடி நடத்துவேன். அப்புறம்தான் முதல் பருவத் தேர்வு. "லீவுக்கு முன்னாடியே பரீட்சையை முடிச்சிடலாமே சார்?" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான்.

சிக்கல் ஆகஸ்டில் இருக்கிறது. பெரும்பாலான அரசுப் பள்ளிகள் எப்போது திறக்கலாம் என்பதை இங்கே மாநிலச் சட்டம் வரையறுத்தது. 2004இல் வந்த சட்டம் அது. 2012 திருத்தத்துக்குப் பின், ஆகஸ்ட் 26ஐ ஒட்டிய திங்கட்கிழமைக்கு முன் திறக்கக் கூடாது, ஜூன் 11ஐ ஒட்டிய வெள்ளிக்கிழமைக்குப் பின் நடத்தக் கூடாது. நடுவில் 185 நாட்கள் அல்லது 1,025 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட் 26 முதல் டிசம்பர் 20 வரை 17 வாரம், அதாவது 85 வேலை நாட்கள். தொழிலாளர் தினம் (இங்கே அது செப்டம்பர் முதல் திங்கள்), நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் விடுமுறை, மாணவர் வராத ஆசிரியர் பணிநாட்கள் எல்லாம் கழிந்தால் 80கூடத் தேறாது. பாதிப் பாடத்துக்கு அது போதாது. சில பள்ளி மாவட்டங்கள் முதல் பருவத்தைச் சுருக்கி டிசம்பரிலேயே தேர்வு வைக்கின்றன; அப்படிச் செய்தால் இலையுதிர் காலத்தில் படிப்பவர்களுக்கு நாள் குறைகிறது.

இப்படிச் சட்டம் போட வைத்ததில் சுற்றுலாத் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகஸ்டில் கடற்கரை விடுதிகளுக்குக் குடும்பங்களும் வேண்டும், பகுதிநேர வேலைக்குப் பதின்ம வயதினரும் வேண்டும். பக்கத்து வர்ஜீனியாவில், தொழிலாளர் தினத்துக்குப் பிறகே திறக்க வேண்டும் என்ற 1986 சட்டத்தை அங்குள்ள கேளிக்கைப் பூங்காவின் பெயரால் 'கிங்ஸ் டொமினியன் சட்டம்' என்றே மக்கள் அழைத்தார்கள். 2019இல்தான் அதைத் தளர்த்தினார்கள். கோடை விடுமுறை வேண்டும் என்று குரல் கொடுத்த பெற்றோரும் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மலையடிவாரப் பள்ளிக்கும் கடலோரப் பள்ளிக்கும் மாநிலத் தலைநகரிலிருந்து ஒரே தேதியை எழுதிக் கொடுப்பது சரியில்லை என்பது என் கருத்து. பனியால் அடிக்கடி மூடும் மாவட்டங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருப்பதே அதற்குச் சாட்சி.

சரி, நம் பிள்ளைகளுக்கு இது எங்கே இடிக்கும்? முதலில், மே மாத ஏபி (Advanced Placement) தேர்வுகள், அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்களுக்கான தேர்வுகள். நாடு முழுவதும் அவற்றுக்கு ஒரே தேதிதான். ஜார்ஜியாவில் பல மாவட்டங்கள் ஆகஸ்ட் முதல் வாரமே திறந்துவிடுகின்றன; அங்குள்ள மாணவருக்கு மூன்று வாரம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஏபி எடுக்கும் பிள்ளை கோடையிலேயே முதல் பாடத்தைத் தொட்டுவிட வேண்டும்.

அடுத்தது, மாநிலம் மாறும் குடும்பங்கள். என் மாணவி ஒருத்தி ஆகஸ்ட் கடைசியில் அட்லாண்டா பக்கம் போனாள். போய்ச் சேர்ந்தபோது வகுப்பில் முதல் அலகுத் தேர்வே முடிந்திருந்தது. வேலை மாறுகிறீர்கள் என்றால், வீடு பார்ப்பதற்கு முன் அந்தப் பள்ளி மாவட்டத்தின் நாட்காட்டியைப் பாருங்கள்.

நாட்காட்டியைப் பள்ளி வாரியம் பல மாதங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடும். பொதுமக்கள் பேச அந்தக் கூட்டங்களில் நேரம் ஒதுக்குவார்கள். தேர்வு, விடுமுறைக்கு முன்பா பின்பா என்பது அங்கேதான் முடிவாகிறது. நான் போன கூட்டங்களில் நம் பெற்றோரைப் பார்ப்பது அரிது. ஜனவரியில் என்னிடம் கேட்கும் அதே கேள்வியை அங்கே வந்து கேளுங்கள்.