ஒரே செடி, மூன்று கோப்பை

ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் கொடுத்து, "சுவை எப்படி?" என்று கேட்டால் பெரும்பாலோர் "நன்றாக இருக்கிறது" என்பார்கள். அதற்குமேல் வார்த்தை வராது. அதே ஆளின் முன்னால் இன்னொரு கோப்பையையும் வைத்துவிட்டுக் கேளுங்கள். "இதில் பச்சை வாடை அடிக்கிறது, அது நாக்கைப் பிடித்து இழுக்கிறது, இதில்தான் பூ மணம் இருக்கிறது" என்று மளமளவென்று பேச ஆரம்பித்துவிடுவார். நம் நாக்கும் மூக்கும் தராசைப் போன்றவை. எதிர்த்தட்டில் ஒன்றை வைத்தால்தான் முள் அசையும்.

ஆகவே மேசைமேல் மூன்று வெள்ளைக் கோப்பைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் உண்மையாகவே வையுங்கள். ஒன்றில் பச்சைத் தேநீர், இன்னொன்றில் பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட ஊலாங், மூன்றாவதில் கறுப்புத் தேநீர். எதுவும் தூள் அல்ல, முழு இலையாகச் சுருட்டி உலர்த்தியவை. வெந்நீர் பட்டதும் சுருள்கள் மெல்ல அவிழும். கெட்டியான சிறு உருண்டையாக இருந்த ஊலாங், சில நிமிடங்களில் காம்பும் நரம்பும் ஓரத்துப் பற்களும் தெரிய முழு இலையாக விரிந்துவிடும். விரிந்த இலைகளில் நடுப்பகுதி பச்சையாகவும் ஓரம் செம்பழுப்பாகவும் உள்ள ஒன்று கிடைத்தால் அதை எடுத்து ஒரு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓரத்துக்குப் பிறகு வருவோம்.

மூன்று கோப்பைக்கும் செடி ஒன்றுதான்: கமேலியா சினென்சிஸ். பச்சைத் தேயிலை தனிச் செடியிலிருந்து வருகிறது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். செடியில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு என்பது உண்மை. சிற்றிலை கொண்ட சீன வகை ஒன்று. பெரிய இலை கொண்ட அசாம் வகை மற்றொன்று. அசாம் வகையில் கட்டெச்சின் என்னும் சேர்மங்கள் கூடுதல், அதனால் சாயம் அழுத்தமாக இறங்கும். மண்ணும் உயரமும் பருவமும் சுவையை மாற்றும். ஆனால் பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளி, பறித்த பிறகு இலைக்கு என்ன நேர்ந்தது என்பதால் வருவது.

பறித்த கொழுந்தின் உலர் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் இருக்கலாம். அவற்றில் பெரும்பங்கு கட்டெச்சின்கள். செல்லுக்குள் இவை ஒரு நீர்ப்பையில் அடைபட்டிருக்கின்றன. இவற்றை மாற்றக்கூடிய நொதியோ பசுங்கணிகத்தில் இருக்கிறது. நடுவில் மெல்லிய சவ்வுகள். இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. இலையைக் கசக்கினால் சவ்வு கிழியும், நொதியும் கட்டெச்சினும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓரிடத்தில் சேரும், நிறம் மாறத் தொடங்கும். வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாவதும் இதே வகை நொதியால்தான்.

கறுப்புத் தேயிலை இந்தச் சந்திப்பை முழுதாக நடக்கவிடுகிறது. முதலில் கொழுந்தை அரைநாளுக்கும் மேலாக வாட்டுகிறார்கள். நீர் குறைந்து துவண்ட இலை உடையாமல் உருளும். பிறகு உருட்டிப் பரப்பி, ஓரிரு மணி நேரம் காற்றாட விடுகிறார்கள். இந்த நேரத்தில் நிறமற்ற கட்டெச்சின்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இரண்டு புதிய கூட்டங்களாகின்றன. தியாஃபிளேவின்கள் பொன்னிறம் கொண்டவை, சாயத்துக்குப் பளபளப்பும் வாயில் ஒரு விறுவிறுப்பும் தருபவை. தியாரூபிஜின்கள் செம்பழுப்பு, கனமும் ஆழமும் தருபவை. காற்றாட விடும் நேரம் நீண்டால் முதலாவது குறைந்து இரண்டாவது ஏறும். சாயம் கறுத்து, விறுவிறுப்பு மங்கும். சரியான நேரத்தில் சூடேற்றி நிறுத்துவதில்தான் தயாரிப்பவரின் கைத்திறன் இருக்கிறது.

இந்தக் கட்டத்தைத் தேயிலைத் தொழிலில் நொதித்தல் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். நுண்ணுயிர்கள் செய்யும் வேலையல்ல இது, ஆகவே அது தவறான சொல் என்று சிலர் திருத்துவார்கள். 'நொதியால் நடப்பது' என்று எடுத்துக்கொண்டால் தமிழில் அந்தச் சொல் பொருத்தமாகவே அமைந்துவிடுகிறது என்பது என் எண்ணம். நுண்ணுயிர்கள் உண்மையாகவே உழைக்கும் தேயிலை வேறு. சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பூ-அர் அந்த இனம். அதன் மண்வாசனைக்கு அவையே காரணம்.

பச்சைத் தேயிலையில் சந்திப்பு நிகழும் முன்பே தடை விழுகிறது. நொதி ஒரு புரதம், சூட்டில் உருக்குலைந்துவிடும். ஜப்பானில் பெரும்பாலும் ஆவியில் காட்டுகிறார்கள், சீனாவில் பெரும்பாலும் சூடான வாணலியில் புரட்டுகிறார்கள். ஆவி பட்ட இலையில் புல்வாசனையும் கடற்காற்று போன்ற ஒரு சாயலும் தங்குகின்றன. வாணலி பட்ட இலையில் லேசான வறுத்த மணம் ஏறுகிறது.

இப்போது தட்டில் எடுத்து வைத்த அந்த ஊலாங் இலை. அதைத் தயாரித்தவர்கள் கொழுந்துகளைக் குலுக்கிப் புரட்டி, ஓரங்களை மட்டும் நசுங்கவிட்டார்கள். செம்பழுப்பு ஓரத்தில் கறுப்புத் தேயிலையில் நடந்தது நடந்திருக்கிறது. பச்சை நடுப்பகுதியில் நடக்கவில்லை. மற்ற இரண்டு கோப்பைகளின் வரலாறும் ஒரே இலையில், கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. எனக்கு இதைப் பார்த்து அலுப்பதே இல்லை.

இனிக் குடித்துப் பார்க்கலாம்.

நாக்கு நேரடியாக அறிவது கொஞ்சம்தான். கசப்பு உண்டு: காஃபீனிலிருந்தும் கட்டெச்சின்களிலிருந்தும் வருவது. இந்தச் சுவை நாக்கின் இந்தப் பகுதியில்தான் தெரியும் என்று பாடநூல்களில் வந்த வரைபடத்தை மறந்துவிடுங்கள். சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் அறியும். கசப்புக்கு எதிர்ப்பக்கத்தில் உமாமி, அதாவது கொதித்த சூப்பில் தெரிவது போன்ற நிறைவான ருசி, நிற்கிறது. 1908இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இக்கேடா பெயர் வைத்த சுவை இது. தேயிலையில் இதைத் தருபவை தியானின், குளுட்டமேட் போன்ற அமினோ அமிலங்கள். தியானின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது; வெயில் பட்டால் அது கட்டெச்சின் ஆக்கத்துக்குச் செலவாகிறது. ஜப்பானின் கியோகுரோ தேயிலையை அறுவடைக்கு முன் ஏறக்குறைய மூன்று வாரம் நிழலில் மூடி வைப்பது அதனால்தான். செலவு நிற்கிறது, தியானின் இலையிலேயே தங்குகிறது, கசப்பு குறைகிறது. கியோகுரோவையும் வெயிலில் வளர்ந்த சென்சா என்னும் ஜப்பானியப் பச்சைத் தேயிலையையும் அடுத்தடுத்துக் குடித்தால், ஒரு வாய் போதும், வித்தியாசம் தெரிய.

அடுத்தது துவர்ப்பு. தேயிலையை ஒப்பிடுபவர் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். தமிழில் அறுசுவை என்று எண்ணும்போது துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறோம். உடலியலோ இதைச் சுவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. பெருமளவு தொடுவுணர்வாகவே கருதுகிறது. எச்சிலில் புரோலின் என்னும் அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் இருக்கின்றன. வாயின் உட்புறம் வழுவழுப்பாக இருப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. பாலிஃபீனால்கள் இந்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு திரண்டுவிடுகின்றன. வழுவழுப்பு போய், கன்னத்தின் உட்புறமும் நாக்கும் ஒன்றோடொன்று உரசுகின்றன. வாய் உலர்ந்து சுருங்குவது போல் தோன்றுகிறது. சந்தேகம் இருந்தால் கறுப்புத் தேநீரை விழுங்கிய பிறகு நாக்கை மேலண்ணத்தில் மெல்ல நகர்த்திப் பாருங்கள். அந்தச் சொரசொரப்புதான் துவர்ப்பு. நாக்கால் மட்டும் வருவதாக இருந்தால் உதட்டின் உட்புறத்தில் தெரிய வேண்டியதில்லை, அங்கும் தெரியும். பால் சேர்த்தால் துவர்ப்பு அடங்குவதும் இதே கணக்குத்தான்: எச்சிலின் புரதத்துக்குப் பதிலாகப் பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்கிறது.

உடலியல் சொல்வது சரியாக இருக்கலாம். என்றாலும் துவர்ப்புக்கும் கசப்புக்கும் தனித்தனிச் சொல் வைத்திருப்பது, ருசி பார்க்க உட்காரும்போது பெரிய உதவி. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நல்ல கறுப்புத் தேநீரைக் 'கசக்கிறது' என்று தள்ளிவிடுகிறார்கள். கசப்பு மிகுந்து துவர்ப்பு குறைந்த தேநீர் ஒன்று, துவர்ப்பு மிகுந்து கசப்பு குறைந்தது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு அனுபவம்.

இனி மூக்கு. ஊலாங் கோப்பையை எடுத்து, மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். வெதுவெதுப்பும் லேசான கசப்பும் துவர்ப்பும் தெரியும். அவ்வளவுதான். விழுங்கியதும் விரல்களை எடுத்து மூச்சை வெளியே விடுங்கள். பூவும் பழமும் ஒரே நொடியில் வந்து நிறையும். மணமூலக்கூறுகள் வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுவதால் வருவது இது. நாம் தேநீரின் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பின்வாசல் வழியாக வரும் மணம். தேயிலை ருசிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் கரண்டியிலிருந்து 'சர்ர்' என்று சத்தமாக உறிஞ்சுவது இதற்காகத்தான். காற்றோடு சேர்ந்து நீர் துளித்துளியாகச் சிதறும்போது மணம் எளிதில் பிரிந்து மேலே போகும்.

அந்த மணங்களில் பல, செடியில் இருக்கும்போது மணப்பதில்லை. லினலூல், ஜெரேனியால் போன்ற மூலக்கூறுகள் சர்க்கரையோடு பிணைந்து அடங்கிக் கிடக்கின்றன. இலை வாடும்போதும் கசங்கும்போதும் நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டிவிட, மணம் விடுபடுகிறது. பூச்சி கடித்தாலும் செடி மணங்களை உருவாக்கும், தற்காப்புக்காக. தைவானின் ஓரியண்டல் பியூட்டி ஊலாங்குக்குத் தேன் மணம் வருவது, பச்சைத் தத்துப்பூச்சி சாறுறிஞ்சிய கொழுந்துகளால்தான். அங்கே அந்தப் பூச்சியை விரட்டாமல் வரவேற்கிறார்கள். இலங்கையின் ஊவா தேயிலையில் வரும் குளிர்ந்த தைல மணத்துக்கு மெத்தில் சாலிசிலேட் காரணம். வலிக்குத் தடவும் தைலங்களில் இருப்பதும் அதே மூலக்கூறு.

இவ்வளவையும் ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுமானால், இலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருக்க வேண்டும். 1980இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் பன்னாட்டுத் தரநிலை சொல்வதும் இதைத்தான்: 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை, அப்போதுதான் கொதித்த நீர், மூடிய பீங்கான் பாத்திரம், 6 நிமிடம். இது சுவையான தேநீர் தயாரிக்கும் செய்முறை அல்ல. இலையின் குறைகளும் நிறைகளும் ஒளிய இடமில்லாமல் வெளியே வரவேண்டும் என்பதற்கான முறை. கரண்டியால் அளக்காதீர்கள், எடை போடுங்கள். ஒரு கரண்டி ஊலாங் உருண்டைக்கும் ஒரு கரண்டி நீளச் சுருள் இலைக்கும் எடை வெகுவாக வேறுபடும்.

வெப்பநிலை தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். பச்சைத் தேநீர் எனக்கு ஒத்துவராது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பதுதான் காரணம். அமினோ அமிலங்கள் வெதுவெதுப்பான நீரிலேயே எளிதாகக் கரையும். காஃபீனும் கசப்பு மிகுந்த கட்டெச்சின்களும் விரைந்து இறங்க அதிகச் சூடு வேண்டும். ஒரே இலையை 60 டிகிரியிலும் 95 டிகிரியிலும் தனித்தனியாக ஊறவைத்து அருகருகே குடித்துப் பார்த்த நாளில், இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து வந்தவை என்று நம்பச் சிரமப்பட்டேன். நீரின் தன்மையும் சும்மா விடாது. கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்த கடின நீரில் சாயம் மங்கும், மேலே பழுப்பு ஏடு படியும்.

குடிக்கும் வரிசைக்கும் கணக்கு உண்டு. துவர்ப்பு வாய்க்கு வாய் சேர்ந்துகொண்டே போகும். கறுப்பை முதலில் குடித்துவிட்டால் பச்சையின் மென்மை காணாமல் போய்விடும். மென்மையானதிலிருந்து அழுத்தமானதற்குப் போய், நடுநடுவே வெறும் நீரால் வாய் கொப்பளித்து, சற்று இடைவெளி விட்டு வரிசையை மாற்றியும் பார்க்க வேண்டும்.

உங்கள் நாக்கு உண்மை சொல்கிறதா என்று சோதிக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. யாராவது ஒருவர் மூன்று கோப்பைகளை நிரப்பித் தரட்டும். இரண்டில் ஒரே தேநீர், ஒன்றில் வேறு. நிறம் காட்டிக்கொடுக்காதபடி கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வேறான ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகும். தொடர்ந்து ஆறு முறை சரியாகச் சொன்னால், அது அதிர்ஷ்டத்தால் நடக்க 729இல் ஒரு வாய்ப்புதான். விலை உயர்ந்த தேயிலையையும் மலிவானதையும் பற்றிப் பெரிதாகப் பேசும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

முடிந்ததும் கோப்பைகளைக் கழுவ அவசரப்படாதீர்கள். நன்றாக ஆறவிடுங்கள். கறுப்புத் தேநீர் அழுத்தமாக இருந்தால், தெளிவாக இருந்த சாயம் பால் கலந்தது போல் கலங்கிவரும். ஆறியபோது காஃபீனும் தியாஃபிளேவின்களும் தியாரூபிஜின்களும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நுண்துகள்களாகத் திரண்டிருக்கின்றன. பச்சைத் தேநீர்க் கோப்பை பக்கத்திலேயே பெரும்பாலும் தெளிவாக நிற்கும். கலங்கியதை மறுபடி சூடாக்குங்கள். பிடி தளர்ந்து, சாயம் மீண்டும் தெளியும்.