அபராதம் கட்ட முடியவில்லையா? நியூயார்க்கில் உரிமத்தைக் காப்பாற்றும் வழி

போக்குவரத்து அபராதம் கட்டப் பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காக நியூயார்க் மாநிலத்தில் இப்போது ஓட்டுநர் உரிமத்தை முடக்க முடியாது. 2020 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான சட்டம், 2021 ஜூன் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இதே காரணத்துக்காக முன்பு முடக்கப்பட்டிருந்த உரிமங்களும் விடுவிக்கப்பட்டன.

பழைய முறை ஏழைகளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வேகமாக ஓட்டியதற்கு டிக்கெட் (விதிமீறல் சீட்டு) வாங்கினால் அபராதம் தனி, அதன் தலையில் 88 அல்லது 93 டாலர் கூடுதல் கட்டணம் தனி. கட்டாவிட்டால் உரிமம் போய்விடும். நியூயார்க் நகரத்தைத் தாண்டிவிட்டால் காரில்லாமல் வேலைக்குப் போவதே பெரும்பாடு. வேலைக்குப் போகாமல் அபராதத்தை எங்கிருந்து கட்டுவது? வேறு வழியின்றி வண்டியை எடுத்தால் அது குற்ற வழக்கு. 200 முதல் 500 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை. வசதியுள்ளவர் பணத்தைக் கட்டி அன்றே மறந்துவிடும் தவறு, இல்லாதவரைச் சிறைவாசல் வரை இழுத்துச் சென்றது. அதை நீதி என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது தவணை கேட்கலாம். மாதத் தவணை 25 டாலர், அல்லது கைக்கு வரும் மாத வருமானத்தில் 2 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அதுதான் உச்சவரம்பு. மாதம் 2,000 டாலர் கைக்கு வருபவருக்கு 40 டாலர். 1,000 டாலர் மட்டுமே வருபவருக்கு 2 சதவீதம் 20 டாலர்தான் என்பதால், 25 டாலர் கணக்கு பொருந்தும்.

பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். டிக்கெட்டுக்குப் பதிலே அனுப்பாமல் இருந்தாலோ, விசாரணைக்குப் போகாமல் இருந்தாலோ உரிமம் இன்றும் முடக்கப்படும். அதை நீக்க டிக்கெட் ஒன்றுக்கு 70 டாலர் கட்டணம் உண்டு. ஆகவே பணமில்லாவிட்டாலும் பதில் அனுப்பிவிடுங்கள். பதில் அனுப்பினால்தான் தவணையைப் பற்றியே பேச முடியும். தவறு உங்களுடையது அல்ல என்றால் மறுத்து விசாரணையும் கேட்கலாம்.

விதிமீறல்களுக்காக உரிமப் பதிவில் ஏற்றப்படும் புள்ளிகள் அதிகம் சேர்ந்துவிட்டவர்களிடம் மோட்டார் வாகனத் துறை மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 100 டாலர் தனியாக வசூலிக்கிறது. இது நீதிமன்ற அபராதம் அல்ல. புதிய சட்டத்தின் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. கட்டத் தவறினால் உரிமம் முடங்கும்.

வீடு மாறினால் 10 நாட்களுக்குள் அந்தத் துறைக்குப் புதிய முகவரியைத் தெரிவித்துவிடுங்கள். முடக்கப்போவதாக எச்சரிக்கும் கடிதம் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் போகும்.